ட்ரியுண்ட் ஏறப் போகிறீர்களா? முதல் மலை நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் நம் ஊரில் அடைமழை பிடிக்கும்போது இமாச்சலில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பருவமழை விலகியிருக்கும், கடும்பனிக்கு இன்னும் நாள் இருக்கும். அதனால்தான் நண்பர்கள் கூட்டமாகக் கிளம்பி, முதன்முதலில் ஏறும் மலையாக தர்மசாலாவுக்கு மேலே இருக்கும் ட்ரியுண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். தௌலாதார் மலைத்தொடர் கண்ணெதிரே சுவர் மாதிரி எழுந்து நிற்கும் புல்மேடு அது. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம். ஆனால் ‘ஈஸி ட்ரெக்’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பாதி ஜாக்கிரதை அங்கேயே போய்விடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மேலே போய்ச் சேரும் நேரத்தை மட்டும் கணக்குப் போடுவது. தர்மசாலாவை ஒட்டி மேலே இருக்கும் ஊரான மெக்லியோட்கஞ்சிலிருந்து ட்ரியுண்டுக்குச் சுமார் 9 கிலோமீட்டர். ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர். நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வரும். இது நடந்து பழகிய கால்களுக்கான கணக்கு. புதியவர்கள், அதுவும் கூட்டமாகப் போகிறவர்கள், நாலரை மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். இறங்க இன்னும் மூன்று மணி நேரம். அக்டோபர் கடைசியில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் அதற்கும் முன்பே இருட்டிவிடும்.

நாங்கள் ஏழு பேர் போனபோது காலைச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பவே பத்தரை ஆகிவிட்டது. மேலே சேர்ந்தபோது மணி மூன்றரை. டீ, போட்டோ என்று இன்னும் ஒரு மணி நேரம் போனது. கடைசி ஒன்றரை மணி நேரத்தை செல்போன் வெளிச்சத்தில் இறங்கினோம். ஒரு நண்பனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து, அடுத்த கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் காலை வைத்தான். “நீங்க போங்கடா, நான் மெதுவா வரேன்” என்றான். குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் ஆளுக்கு ஒன்று வேண்டும். காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். எங்கே இருந்தாலும் மதியம் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று கீழேயே பேசி முடித்துவிடுங்கள். மேலே போய் அதைப் பேசினால் யாருக்கும் திரும்ப மனசு வராது.

அந்த நண்பனின் முழங்காலுக்கு நாங்களும் ஒரு காரணம். ஏறும்போது வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் ஒரு வளைவில் உட்கார்ந்திருப்போம். அவன் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், “வந்துட்டான், கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவோம். எங்களுக்குப் பத்து நிமிட ஓய்வு கிடைத்தது, அவனுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. நாள் முழுக்க இப்படியே. குழுவிலேயே மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். பாதையில் பழக்கமுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும்.

உடை விஷயத்தில் பருத்தியை நம்பாதீர்கள். நம் வெயிலுக்குப் பருத்தி அருமையானது, மலையில் அதுவே எதிரி. ட்ரியுண்டின் கடைசி ஏற்றத்தை ‘22 வளைவுகள்’ என்பார்கள். அங்கே சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்க்கும். மேட்டை எட்டியதும் காற்று அடிக்கும்போது அந்த ஈரச்சட்டை ஐஸ் துணி மாதிரி முதுகில் ஒட்டும். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் டீ-ஷர்ட் போதும். உலர்ந்த பனியன் ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போய், மேலே சேர்ந்ததும் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள், டீயெல்லாம் பிறகு. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

பயணத்துக்கென்று புது ஷூ வாங்கி அன்றைக்கே போடுவதும் பலர் செய்யும் தவறு. இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழக்குங்கள். குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்ததுமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பெரிய பயனில்லை. முந்தைய நாள் கால்நகங்களை வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல்கள் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும்.

ட்ரியுண்ட் சுமார் 2,850 மீட்டர் உயரம், நம் தொட்டபெட்டாவைவிட 200 மீட்டர் அதிகம். டெல்லியிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, இறங்கியதும் மலையேறுகிறார்கள். தூக்கமில்லாத உடம்புக்கு உயரம் சீக்கிரம் தெரியும். மெக்லியோட்கஞ்சில் ஒரு நாள் தங்குங்கள், முதல் நாள் இரவு மது வேண்டாம். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. கூட ஒருவர் துணைக்கு வர, இறங்கிவிட வேண்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி கடலை மிட்டாய், பேரீச்சை. வழியில் டீக்கடைகள் உண்டு, ஆனால் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மிட்டாய்த் தாளையும் பாட்டிலையும் தயவுசெய்து கீழே கொண்டுவாருங்கள். அந்தப் புல்மேட்டில் நெகிழிக் குப்பையைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வானிலை எச்சரிக்கை வந்தால் மாவட்ட நிர்வாகம் மலையேற்றத்துக்குத் தடை போடும். டிக்கெட் போட்டாயிற்றே என்று வேறு வழியாகப் புகுந்து போகாதீர்கள். வானம் தெளிவாக இருந்தாலும் கிளம்புமுன் விடுதியில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்: இத்தனை பேர் போகிறோம், இந்த வழியாக, நாலரைக்குள் திரும்புவோம், வராவிட்டால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112க்குச் சொல்லுங்கள். திரும்பியதும் முதலில் அவரிடம் போய், வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.