இரண்டு கார்களின் பிக்கப்பை ஒப்பிடுவது எப்படி?

குடும்பக் கார் இரண்டை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது 0-100 நேரத்தை, அதாவது நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரத்தை. ரெட்லைன் (இன்ஜின் சுற்றக்கூடிய உச்ச எல்லை) வரை மிதித்து, கிளட்சை வதைத்து எடுக்கும் எண் அது. தினசரி ஓட்டத்தில் அப்படி யாரும் ஓட்டுவதில்லை. லாரிக்குப் பின்னால் 60-ல் போகிற வண்டி 100-ஐ எட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது, 30-ல் ஊர்ந்துகொண்டிருப்பது 80-க்கு எப்போது வருகிறது என்பவைதான் பயன்படும் எண்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு காகிதக் கணக்கு போடுங்கள். உதாரணத்துக்கு, முதல் கார் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல்: 90 பிஎச்பி (பவரின் அளவு), 113 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), 920 கிலோ. இரண்டாவது 1.0 லிட்டர் டர்போ: 100 பிஎச்பி, 172 நியூட்டன் மீட்டர், 1,120 கிலோ. பிஎச்பியை டன் எடையால் வகுத்தால் முதல் காருக்கு 97.8, இரண்டாவதற்கு 89.3. பவர் குறைந்த கார் 9.6 சதவீதம் முன்னால் நிற்கிறது. ஆனால் அது காலி வண்டியின் கணக்கு. ஐந்து பேரையும் சேர்த்து 375 கிலோ ஏற்றினால் 69.5, 66.9 என்றாகி, வித்தியாசம் 4 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். எடை குறைந்த காரின் அனுகூலம் ஆள் ஏற ஏறக் கரையும்.

இனி டார்க். இதைத் தனி எண்ணாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. டார்க்கை ஆர்பிஎம்மால் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் அந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் பவர் கிலோவாட்டில் வரும். 2,000 ஆர்பிஎம்மில் டர்போ கார் தன் முழு 172-ஐயும் தருமானால் அது 36 கிலோவாட். மற்றது அதே இடத்தில் 100 நியூட்டன் மீட்டர் தந்தால் 21 கிலோவாட்தான். ஆகவே கியரைக் குறைக்காமல் சும்மா மிதிப்பவருக்கு டர்போ கார் துள்ளும். கியரைக் குறைத்து இன்ஜினைக் கதறவிடுபவருக்கு முதல் கார் சளைக்காது. டீசல் காரின் பெரிய டார்க் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் ஆர்பிஎம் எல்லை குறுகியது, கியர் விகிதமும் அதற்கேற்ப நீளமாக, அதாவது இன்ஜினின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் அதிகம் சுற்றும்படி இருக்கும். சக்கரத்தை எட்டும்போது அந்த அனுகூலத்தில் பெரும்பகுதி போய்விடும்.

அளப்பதற்குப் போக்குவரத்தே இல்லாத, மூடப்பட்ட ஓடுதளம் வேண்டும். பொதுச்சாலையில் செய்யவே கூடாது. வேகம் எடுக்கவும் நிறுத்தவும் சேர்த்துக் குறைந்தது 800 மீட்டர் நேர்ப்பாதை இருக்கட்டும்.

ஸ்பீடோமீட்டரை நம்பி இரண்டு கார்களை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஐ.நா. வாகன விதி 39-இன்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஆனால் பத்து சதவீதமும் மேலே 4 கி.மீ.யும் கூட்டிக் காட்டலாம். உண்மையில் 100-ல் போகும்போது ஒரு கார் 102 காட்டும், இன்னொன்று 108 காட்டும். நொடிக்குப் பத்துமுறை பதியும் ஜிபிஎஸ் கருவி கிடைத்தால் நல்லது. பெரும்பாலான கைப்பேசிகளின் ஜிபிஎஸ் நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். எட்டு நொடி ஓட்டத்தில் அது பெரிய பிழை. வேறு வழியில்லை என்றால் கைப்பேசியை இப்படிப் பயன்படுத்தலாம்: சீரான வேகத்தில் ஓட்டி, ஜிபிஎஸ் 60, 100 காட்டும்போது டேஷ்போர்டு என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டத்தின்போது டேஷ்போர்டை நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் வீடியோ எடுத்து, குறித்த இரண்டு எண்களுக்கு இடையிலான ஃபிரேம்களை எண்ணினால் போதும்.

இரண்டு கார்களும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். டயர் காற்று, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்ததாக இருக்கட்டும். இரண்டிலும் டேங்க் பாதி, அதே இரண்டு பேர், ஏசி அணைத்து, ஜன்னல் மூடி. இன்ஜினைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடேற்றுங்கள். டர்போ காரை அடுத்தடுத்து விரட்டினால் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடாகி நேரம் கூடிக்கொண்டே போகும். இடையில் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். மின்சாரக் கார் என்றால் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஏறத்தாழ அதே சார்ஜில் தொடங்குங்கள். சார்ஜ் நன்கு இறங்கியபின் பவரும் குறையும்.

எதிரெதிர் இரு திசைகளிலும் மூன்று மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். இது சம்பிரதாயம் இல்லை. 12 நொடியில் 100 தொடும் காரின் சராசரி முடுக்கம் 2.3 மீ/நொடி². கண்ணுக்கே தெரியாத ஒரு சதவீதச் சரிவு இதில் 0.1-ஐக் கூட்டும் அல்லது கழிக்கும். அதாவது அரை நொடி.

60-100 அளக்கும்போது 60-ல் சீராகப் போய்க்கொண்டிருந்து, சட்டென்று பெடலை முழுக்க அழுத்துங்கள். அழுத்திய கணத்திலிருந்து நேரம் ஓடட்டும். 50-ல் இருந்தே மிதித்து வந்து 60-ல் கணக்கைத் தொடங்கினால் டர்போ தாமதமும் ஆட்டோமேட்டிக்கின் கிக்டவுன் (பெடலை அழுத்தியதும் தானே கியரைக் குறைப்பது) தாமதமும் மறைந்துவிடும். முந்தும்போது ஓட்டுநர் அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தானே அனுபவிக்கிறார்? மேனுவல் காரில் மூன்றாம், நான்காம் கியர்களைத் தனித்தனியாக அளந்து, ஒரு காரின் சிறந்த நேரத்தை மற்ற காரின் சிறந்த நேரத்தோடு பாருங்கள். ‘இரண்டுமே நான்காம் கியர்’ என்பது சம ஒப்பீடு ஆகாது, கியர் விகிதங்கள் வேறு.

0-100 எண்ணையும் எடுப்பதென்றால் ஒரு பொறியைக் கவனியுங்கள். ஒரு கார் இரண்டாம் கியரிலேயே 102 வரை போகும். இன்னொன்று 96-ல் ரெட்லைனைத் தொட்டு மூன்றாவதைக் கேட்கும். அந்த ஒரு கியர் மாற்றத்துக்கே அரை நொடி போகலாம். அந்தச் சந்தேகம் வந்தால் 0-90 நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரே காரின் ஓட்டங்களுக்குள்ளேயே 0.4 நொடி ஏற்ற இறக்கம் இருந்தால், இரண்டு கார்களுக்கு இடையிலான 0.3 நொடியைப் பேசுவதில் பொருளில்லை. 60-100-ல் இரண்டு நொடி வித்தியாசம் வந்தால் அது நிஜம். சராசரி 80 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி என்பது எதிர்த்தடத்தில் கூடுதலாக 44 மீட்டர். கடைசியாக, ஆட்களை முழுக்க ஏற்றி, ஏசியைப் போட்டு இந்த 60-100-ஐ மட்டும் மறுபடி அளந்து பாருங்கள். காலி வண்டியில் வென்ற கார் இதில் பின்தங்கினால், வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.