ரோலருக்குப் புது டிஸ்க் வேண்டாம்

தட்டை எறிந்து கூடையில் சேர்க்கும் டிஸ்க் கோல்ஃபில் ரோலர் (தரையில் விளிம்பில் உருளும் எறி) போட, மரத்தில் அடிபட்டுத் தேய்ந்த பழைய டிரைவரே (தூர எறிக்கான டிஸ்க்) போதும். டிஸ்க்கில் அச்சிட்ட நான்கு எண்களில் மூன்றாவது ‘டர்ன்’, அதாவது வேகமாகப் பறக்கும்போது டிஸ்க் எவ்வளவு கவிழ்ந்து திரும்பும் என்பது. அது -3 அல்லது அதற்கும் கீழே இருந்தால் நல்லது; இன்னோவா நிறுவனத்தின் ரோட்ரன்னர் டிஸ்க்குக்கு -4. அடிபட அடிபட டிஸ்க் இன்னும் சுலபமாகத் திரும்பும். வலது கைக்காரர் பேக்ஹேண்டில் (புறங்கை வீச்சில்) வெளி விளிம்பை உயர்த்திச் சாய்த்து எறிந்தால், வலப்புறம் கவிழ்ந்து விளிம்பில் இறங்கி உருளும். இன்னோவாவின் மலிவான டிஎக்ஸ் வகை பிளாஸ்டிக் சீக்கிரம் தேய்வது இங்கே வசதிதான்.

உயரமான புல்லிலும் சேற்றிலும் எந்த டிஸ்க்கும் உருளாது. எதிர்க்காற்று பலமானால் இந்தத் தேய்ந்த டிஸ்க் சட்டென்று கவிழ்ந்து படுத்துவிடும். அப்போது டர்ன் -1 உள்ளதை எடுங்கள். செங்குத்தாகத் தரையில் இறக்கும் குட்டை ரோலருக்கு, நேர்மாறாக, ஓவர்ஸ்டேபிள் (எளிதில் கவிழாத) டிஸ்க்தான் சரி.