பழைய பேஸ்பால் வீரரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி: ராட்பர்னை முன்வைத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடிய ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் அவருடைய எண்களைப் படியெடுக்கிறார்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன. எண்களைத் தொடுவதற்கு முன் அந்த ஆண்டின் ஆட்டவிதிகளை எடுத்து அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு 'ஓல்ட் ஹாஸ்', அதாவது வயதான குதிரை, என்று அழைக்கப்பட்ட சார்லஸ் ராட்பர்னை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பிராவிடன்ஸ் கிரேஸ் அணிக்காக 1884இல் அவர் 678 இன்னிங்ஸுக்கு மேல் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்) பந்து எறிந்தார். தாம் தொடங்கிய 73 ஆட்டங்களையும் தாமே முடித்தார். 441 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்தார். இன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை அச்சுப்பிழைகளாகத்தான் தோன்றும்.

விதிகளைக் குறித்துக்கொள்ளும்போது பந்து எறியும் தொலைவிலிருந்து தொடங்குங்கள். அன்று 50 அடி, 1893 முதல் இன்று வரை 60 அடி 6 அங்குலம் என்பதைப் பார்த்தவுடன் பத்தரை அடி வேறுபாடு என்று எழுதிவிடத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் கழித்துப் பார்த்தேன். ஆனால் அந்த 50 அடி, பந்து எறிபவரான பிட்சர் நின்ற கட்டத்தின் முன்கோடு வரை அளந்தது. இன்றைய அளவோ அவருடைய பின்காலை ஊன்றும் பலகை வரை அளப்பது. கட்டத்தின் பின்பகுதியிலிருந்து ஓரிரு எட்டு வைத்து வந்து எறியலாம் என்பதால் உண்மையான வேறுபாடு அதைவிடக் குறைவு. அடுத்ததாக, அடிக்கத் தகுந்த எல்லைக்கு வெளியே ஆறு பந்துகள் போன பிறகே அன்று பேட்டருக்கு முதல் தளம் இலவசமாகக் கிடைத்தது. பந்து மேலே வரவேண்டுமா, கீழே வரவேண்டுமா என்று பேட்டரே கேட்டுவாங்கலாம். அவர் களத்தின் எல்லைக் கோடுகளுக்கு வெளியே தட்டிவிட்ட பந்துகள் ஸ்ட்ரைக்காக எண்ணப்படவில்லை. கையைத் தோளுக்கு மேலே தூக்கி எறிய, பிராவிடன்ஸ் ஆடிய நேஷனல் லீக் அனுமதித்தது அந்த 1884இல்தான். இவற்றில் சில பிட்சருக்குச் சாதகம், சில பாதகம். ஒருபக்கமாக எழுதிவிடக் கூடாது.

சராசரியை எடுத்தாளும்போது கூடுதல் கவனம் தேவை. அந்தப் பருவத்தில் ராட்பர்னின் 'இ.ஆர்.ஏ.' 1.38. ஃபீல்டர்களின் பிழைகளால் போனவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு எதிரணி ஈட்டிய ஓட்டங்கள் எத்தனை என்பதைச் சொல்லும் அளவு இது. இந்த 1.38 பிற்காலத்தவர் பழைய ஆட்டக் குறிப்புகளிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தது. நீங்களே போட்டுப் பாருங்கள்: 104 ஓட்டங்களை ஒன்பதால் பெருக்கி 678⅔ஆல் வகுத்தால் 1.38 வரும். ஆனால் அவருக்கு எதிராக மொத்தம் எடுக்கப்பட்டவை 216 ஓட்டங்கள். அவற்றைக் கொண்டு கணக்கிட்டால் 2.86. எஞ்சிய 112 ஓட்டங்கள் ஃபீல்டர்களின் பிழைகளால் போனவையாகக் கருதப்பட்டுக் கழிக்கப்பட்டுவிட்டன. பெரும்பாலானோர் வெறுங்கையால் பந்தைப் பிடித்த காலம் அது. ஆகவே 1.38ஐ மட்டும் எழுதி நிறுத்துவது வாசகரைத் தவறான பாதையில் விடுவதாகும்.

நிகழ்ச்சிகளையும் விதிகளே விளக்குகின்றன. அணியின் மற்றொரு பிட்சரான சார்லி ஸ்வீனிக்கும் ராட்பர்னுக்கும் ஆகாது. ஜூலை நடுவில் நிர்வாகம் ராட்பர்னை இடைநீக்கம் செய்தது. சில நாள்களில், ஜூலை 22 அன்று, முன்னிலையில் இருந்த ஆட்டத்தின் நடுவே மேலாளர் ஃபிராங்க் பேன்கிராஃப்ட் ஸ்வீனியை வெளிக்களத்துக்குப் போகச் சொல்ல, அவர் மறுத்து மைதானத்தை விட்டே வெளியேறினார். பிராவிடன்ஸ் எட்டுப் பேருடன் ஆடித் தோற்றது. 'பெஞ்சிலிருந்து ஒருவரை இறக்கியிருக்கலாமே' என்று இன்றைய வாசகர் கேட்பார். காயம் போன்ற காரணமின்றி மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று வழியில்லை. பிட்சரை மாற்றவேண்டுமானால் களத்தில் நிற்கும் ஒருவரோடு இடம் மாற்றவேண்டும். இந்த ஒரு வரியை எழுதாவிட்டால் அந்தக் காட்சியே புரியாது.

அதன் பிறகு எஞ்சிய ஆட்டங்களில் எறிய ராட்பர்ன் முன்வந்ததை விசுவாசக் கதையாக எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது பேரமாகவே தெரிகிறது. அணியின் அனுமதியின்றி வேறெங்கும் போகவிடாத 'ரிசர்வ்' விதியிலிருந்து பருவத்தின் முடிவில் விடுதலை, கூடுதல் ஊதியம் ஆகியவற்றைப் பேசி முடித்துக்கொண்டுதான் அவர் களமிறங்கினார். சாம்பியன் பட்டம் கிடைத்தது. அக்டோபரில், மற்றொரு லீக்கின் சாம்பியனான நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸ் அணியுடன் நடந்த மூன்று ஆட்டங்களையும் அவரே எறிந்து வென்றார். கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாத வலியோடு அவர் ஆடினார் என்பது போன்ற செய்திகளை எழுதலாம். ஆனால் 'என்று சொல்லப்படுகிறது' என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

மற்ற ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிறப்பு 1854, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர். வளர்ந்தது இல்லினாயின் புளூமிங்டன். தந்தையைப் போல் இறைச்சிக்கடைத் தொழில் கற்றவர். 1880இல் பஃபலோவில் ஆறே ஆட்டங்கள். 1881 முதல் 1885 வரை பிராவிடன்ஸ், பிறகு பாஸ்டன். 1890இல் ஆட்டக்காரர்களே தொடங்கிய லீக்கில் சேர்ந்ததை விட்டுவிடாதீர்கள். ரிசர்வ் விதியின் மீதான கோபம் அங்கே தொடர்கிறது. 1891இல் சின்சினாட்டியில் ஓய்வு, புளூமிங்டனில் மதுக்கடை, வேட்டை விபத்தில் ஒரு கண்ணின் இழப்பு, 1897 பிப்ரவரி 5 அன்று 42 வயதில் மரணம். 1939இல் பேஸ்பால் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார்.

கடைசியாகச் சரிபார்க்க வேண்டியது 1884இன் வெற்றிக் கணக்கு. சில பதிவுகளில் 59, சிலவற்றில் 60. ஜூலை 28 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பிராவிடன்ஸின் மற்றொரு பிட்சரான மில்லர் ஐந்து இன்னிங்ஸ் எறிந்த பிறகு எஞ்சியவற்றை ராட்பர்ன் எறிந்தார். அன்றைய கணக்கர் வெற்றியை ராட்பர்னுக்குக் கொடுத்தார், இன்றைய விதிப்படி அது மில்லருக்குச் சேரும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 59 என்று எழுதினால் வாழ்நாள் மொத்தம் 309, 60 என்றால் 310. மேலே ஒன்றும் கீழே மற்றொன்றுமாக எழுதிவிடாமல் இரண்டு இடங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.