சாஃப்ட்வேருக்கு மாசச் சந்தாவா, ஒரே தடவை விலையா: கணக்கு போட்டுட்டு முடிவு பண்ணுங்க

கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் மாதிரி ஏதோ ஒன்னு எழுதி முடிச்சாச்சு, இப்ப விலை வைக்கணும். யாரைக் கேட்டாலும் சப்ஸ்கிரிப்ஷன் போடு, மாசாமாசம் காசு வந்துட்டே இருக்கும்பாங்க. வரும்தான், எவ்ளோ மெதுவா வரும்னு சொல்றவங்கதான் கம்மி.

முதல்ல ஒரு பேப்பர் எடுங்க. ஒரே தடவை விலை 12,000னா பத்து கடைக்கு வித்தா 1,20,000 கைக்கு வந்துடும். மாசம் 500னா அதே பத்து கடை முதல் மாசம் தர்றது 5,000. ஆனா கடைக்கே போய் இன்ஸ்டால் பண்ணி, பழைய ஸ்டாக்கை எக்செல்லேர்ந்து ஏத்தி, கல்லால இருக்கறவருக்கு பொறுமையா சொல்லிக் குடுக்குற செலவு ரெண்டுலயும் ஒன்னுதான், அதுவும் முதல் மாசமே ஆயிடும். ஒரு கடை 24 மாசம் சந்தா கட்டிட்டு நின்னாதான் அந்த 12,000ஐ தொடுவீங்க.

நிப்பாங்களா? மாசம் நூத்துக்கு அஞ்சு பேர் கழண்டுக்கறாங்கன்னு வைங்க, அஞ்சுதானேன்னு தோணும், ஆனா 100ஐ 5ஆல வகுத்தா ஒருத்தர் சராசரியா 20 மாசம்தான் இருப்பார், அதாவது 10,000 ரூபா, ஒரே தடவை வித்திருந்தா வந்திருக்கறத விட கம்மி. இதுவே மாசம் நூத்துக்கு ரெண்டு பேர்தான் போறாங்கன்னா 50 மாசம், 25,000, கதையே வேற. அதனால 499 வைக்கலாமா 599 வைக்கலாமான்னு மண்டைய உடைக்கறதுக்கு முன்னாடி, சில கடைகள்ல குடுத்து ஆறு மாசம் யார் நிக்கறாங்கன்னு பாருங்க.

சந்தாவுக்கு மாறினா ஆரம்பத்துல வருமானம் விழற இந்தப் பள்ளம் பெரிய கம்பெனிக்கும் உண்டு. போட்டோஷாப் பண்ற அடோபி 2013ல இனிமே கிரியேட்டிவ் கிளவுட்ங்கற சந்தா மட்டும்தான்னு மாறினப்போ அந்த வருஷ வருமானம் 440 கோடி டாலர்லேர்ந்து சுமார் 405 கோடிக்கு இறங்குச்சு, லாபம் 83 கோடியிலேர்ந்து 29 கோடி. அவங்க கையில காசு இருந்துச்சு, தாங்கிட்டாங்க. நமக்கு அந்த வசதி கிடையாது, அதனால வருஷச் சந்தாவை முன்கூட்டியே வாங்கப் பாருங்க, பத்து மாசக் காசுல ஒரு வருஷம்னு சொன்னா கடைக்காரங்க யோசிப்பாங்க.

வருஷச் சந்தாவுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2021 அக்டோபர்லேர்ந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி கார்டுல ஆட்டோமேட்டிக்கா காசு எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே கஸ்டமருக்கு மெசேஜ் போகணும், நியாயமான விதிதான், ஆனா மாசா மாசம் "இது நமக்குத் தேவையா"ன்னு நீங்களே கேட்டு அனுப்புற மாதிரி ஆயிடுது. ஒரு தடவைக்கு 15,000 ரூபாய்க்கு மேல போனா ஓடிபி வேற போடணும், அதனால 18% ஜிஎஸ்டி சேர்த்து அதுக்குள்ள அடங்கற மாதிரி வருஷ விலையை 12,700க்குள்ள வைங்க.

உங்க சாஃப்ட்வேர் கடைக்காரரோட கம்ப்யூட்டர்லயே ஓடுது, சர்வர் செலவும் இல்லன்னா சந்தாவுக்கே போகாதீங்கன்னுதான் நான் சொல்வேன். கணக்கு சாஃப்ட்வேர் டேலி பண்றதப் பாருங்க, லைசென்ஸ் ஒரே தடவை, அப்டேட் வேணும்னா வருஷா வருஷம் டிஎஸ்எஸ்ங்கற அப்டேட் சந்தாவைப் புதுப்பிக்கணும், புதுப்பிக்கலன்னாலும் வாங்கின வெர்ஷன் ஓடும். ஜிஎஸ்டி விதி மாறிட்டே இருக்கறதால கடைக்காரரே தேடி வந்து கட்டுவார். புரோகிராமர்களுக்கு டூல்ஸ் பண்ற ஜெட்பிரெயின்ஸும் 2015ல முழுச் சந்தான்னு அறிவிச்சு, டெவலப்பர்ஸ் கத்தினதும், 12 மாசம் கட்டினா, கட்ட ஆரம்பிச்சப்போ இருந்த வெர்ஷன் நிரந்தரமா உங்களுக்குன்னு மாத்திக்கிட்டாங்க.

சந்தாதான்னு முடிவு பண்ணிட்டா, காசு கட்டாதவர் டேட்டாவை என்ன பண்ணுவீங்கன்னு முதல் நாளே எழுதி வைங்க. ஜிஎஸ்டி கணக்கை வருஷ ரிட்டர்ன் கடைசி தேதியிலேர்ந்து 72 மாசம் வச்சிருக்கணும்னு சட்டம். பழைய பில்லை பாக்கவிடாம பூட்டினீங்கன்னா அவரும் வரமாட்டார், பக்கத்துக் கடையையும் வரவிடமாட்டார். புது பில் போடறதை மட்டும் நிறுத்துங்க, பழசை பாக்கவும் எக்செல்ல எடுக்கவும் விட்ருங்க.