இரண்டு அடுக்குத் திரவத்தில் குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு: சாயத்தை வைத்து ஒரு செய்முறை

சோடியம் சயனைடு கரைந்த தண்ணீரையும் 1-குளோரோஆக்டேனையும் சேர்த்து நாள்கணக்கில் சூடாக்கினாலும் வினை நடப்பதில்லை. சயனைடு தண்ணீரை விட்டு வராது, குளோரோஆக்டேன் தண்ணீருக்குள் போகாது. இதில் சிறிதளவு குவாட்டர்னரி பாஸ்போனியம் உப்பைச் (பாஸ்பரஸ் அணுவில் நான்கு கார்பன் தொகுதிகள் பிணைந்த நேர்மின் அயனி கொண்டது) சேர்த்தால் சில மணி நேரத்தில் வினை முடிந்துவிடுகிறது என்று 1971இல் சார்லஸ் ஸ்டார்க்ஸ் காட்டினார். பாஸ்பரஸுக்குப் பதில் நைட்ரஜன் உள்ள குவாட்டர்னரி அம்மோனியம் உப்புகளும் வினையூக்கியாக இதையே செய்கின்றன. எப்படி என்று பார்க்க நமக்குச் சயனைடு தேவையில்லை, ஒரு சாயம் போதும்.

முதல் படி. சோதனைக்குழாயில் 5 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்து, மெத்தில் ஆரஞ்சு கரைசலில் சில துளிகள் விடுங்கள். மஞ்சள் நிறம் வர வேண்டும். சிவந்தால் அமிலம் கலந்திருக்கிறது. கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் போடுங்கள். இனி, கையுறையுடன் ஃப்யூம் ஹூடுக்குள் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி), 5 மில்லிலிட்டர் டைகுளோரோமீத்தேன் சேருங்கள். தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அது அடியில் தங்கும். மூடிக் குலுக்குங்கள், ஆனால் அடிக்கடி திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள்: இந்தத் திரவம் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். அடுக்குகள் பிரிந்ததும் பாருங்கள், மஞ்சள் நிறம் மேலேயே நிற்கும்.

இரண்டாம் படி. டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு ஒரு சிட்டிகை சேர்த்து மறுபடி குலுக்குங்கள். இப்போது மஞ்சள் கீழே இறங்கியிருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மெத்தில் ஆரஞ்சு ஓர் எதிர்மின் அயனி. அது தனியாக அடுக்கு மாற முடியாது, மின்சுமையைச் சமன்செய்ய ஒரு நேர்மின் அயனி கூடவே வர வேண்டும். சோடியத்தைத் தண்ணீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்திருப்பதால் அது வராது. டெட்ராபியூட்டைல் அம்மோனியத்திலோ நைட்ரஜனின் மின்சுமையை நான்கு பியூட்டைல் சங்கிலிகள் மறைத்துவிடுகின்றன. தண்ணீரின் பிடி அதன்மீது தளர்வு. எனவே அது சாயத்தோடு அயனி இணையாகக் கீழே போகிறது; சோடியத்துக்குத் துணையாகப் புரோமைடு மேலே தங்குகிறது. பலர் கவனிக்கத் தவறுவது இந்தக் கடைசிப் பாதியைத்தான். நடப்பது வெறும் கரைதல் அல்ல, அயனிப் பரிமாற்றம்.

மூன்றாம் படி. புதிய குழாயில் டெட்ராமெத்தில் அம்மோனியம் குளோரைடை வைத்துச் செய்து பாருங்கள் (நச்சுப் பொருள், தோலில் படக்கூடாது). நிறம் பெரும்பாலும் மேலேயே இருக்கும். மெத்தில் தொகுதிகள் மிகச் சிறியவை. ஒரே ஒரு நீண்ட சங்கிலி கொண்ட செட்டைல்டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு என்றால் இன்னொரு தொல்லை: அது சோப்புபோல நடந்து, குழாய் முழுவதையும் பால்மமாக்கிவிடும். பிரியக் காத்துக் கிடக்க வேண்டும். தொடக்கநிலையில் உள்ளவர்கள் பியூட்டைல் உப்பிலேயே நிற்பது நல்லது.

வினைகளுக்குப் போகும்போது நினைவில் வைக்க வேண்டியது போட்டி. தண்ணீர் தளர்வாகப் பிடித்திருக்கும் எதிர்மின் அயனியே முதலில் இணை சேரும்: அயோடைடு முந்தும், அடுத்துப் புரோமைடு, பிறகு குளோரைடு, ஹைட்ராக்சைடு கடைசியில். அதனால் வினையின்போது அயோடைடு வெளியேறினால், அதுவே வினையூக்கியான குவாட்டர்னரி அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வினை போகப்போக மந்தமாகும். முடிந்தால் அயோடைடுக்குப் பதில் குளோரைடோ புரோமைடோ உள்ள மூலப்பொருளைத் தேர்ந்தெடுங்கள். அடர் சோடியம் ஹைட்ராக்சைடு பயன்படும் வினைகளில் ஹைட்ராக்சைடு அடுக்கு மாறுவதே இல்லை, புரோட்டான் பறிப்பு (மூலப்பொருளிலிருந்து காரம் ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்குவது) இரு அடுக்குகளின் எல்லையிலேயே நடக்கிறது என்பது போலந்து வேதியியலாளர் மகோஷாவின் விளக்கம். அங்கே வேகமாகக் கலக்குவதற்குப் பலன் அதிகம். ஆனால் சூடு கூடினால் காரம் வினையூக்கியையே சிதைத்து டிரைபியூட்டைல் அமீனாக்கிவிடும்.

சாயத்துக்குப் பதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டால் கீழடுக்கு அழகான ஊதாவாகும். அந்தக் கரைசலை மட்டும் ஒருபோதும் ஆவியாக்கி உலர்த்தாதீர்கள்; குவாட்டர்னரி அம்மோனியம் பெர்மாங்கனேட்டுகள் திடநிலையில் வெடித்துச் சிதையக்கூடியவை. அதேபோல் சோடியம் அசைடை டைகுளோரோமீத்தேனுடன் சேர்க்கவே கூடாது. அங்கே உருவாகும் டைஅசிடோமீத்தேனும் வெடிபொருள்தான்.