கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறதா? ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது இப்படி

காரில் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது என்று சொன்னால் நம்ம வேலூரில் முதலில் கிடைக்கும் பதில், "ஒரு பாட்டில் தண்ணி ஊத்தி ஓட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்பதுதான். தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள். கூலண்ட் ஓடும் பாதை முழுக்க மூடிய பாதை. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் மாதக்கணக்கில் அதைத் தொடவே வேண்டியிருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் டேங்கின் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்குகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது, வண்டிக்கு அடியில் தரை காய்ந்தே கிடந்தாலும் சரி.

நிறைய பேர் குழம்புவது இங்கேதான், "கீழே ஒரு சொட்டுகூட இல்லையே" என்று. மெல்லிய கசிவு தரைக்கு வந்து சேராது. சூடான என்ஜின் மேல் பட்டதுமே தண்ணீர் ஆவியாகிவிடும், கூலண்டில் இருக்கும் சாயமும் உப்பும்தான் அங்கேயே படிந்து நிற்கும். அதனால் ஈரத்தைத் தேடாதீர்கள், காய்ந்த கறையைத் தேடுங்கள்.

அதற்கு முன் உண்மையாகவே குறைகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது மட்டம் ஏறும், ஆறினால் இறங்கும். ஆகவே தினமும் காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், ஒரே சமதரையில் வண்டி நிற்கும்போது டேங்கில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வைத்துப் பாருங்கள், கிலோமீட்டரையும் எழுதிக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ரேடியேட்டருக்குத் தனி மூடி, பக்கத்தில் சும்மா ஒரு பிளாஸ்டிக் டப்பா என்று இருக்கும். மூடியின் வால்வு போய்விட்டால் டப்பா நிறைய இருக்கும், ரேடியேட்டர் உள்ளே காலியாக இருக்கும். எனவே இந்த வகை வண்டிகளில் என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள், உள்ளே குக்கர் மாதிரி அழுத்தம் இருக்கும், திறந்த நொடியே முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று, கோடைக் காலத்தில் ஏசி போட்டு ஓட்டி வந்து நிறுத்தினால் இடது பக்கம் முன்னால் தண்ணீர் சொட்டும். அது ஏசித் தண்ணீர், நிறமும் இருக்காது, விரலில் பிசுபிசுப்பும் இருக்காது. கூலண்ட் வழவழவென்று இருக்கும், இனிப்பான ஒரு வாடை அடிக்கும் (நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம்). ராத்திரி அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வைத்தால் காலையில் எது எங்கே சொட்டியது என்று தெரிந்துவிடும்.

இப்போது பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், என்ஜின் ஆறியிருக்கட்டும். முதலில் மூடி. உள்ளே இருக்கும் ரப்பர் வெடித்திருந்தாலோ தட்டையாகியிருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள், சில நூறு ரூபாய் சமாச்சாரம். அது தாங்கும் அழுத்தம் 0.9 என்றோ 1.1 என்றோ மூடியில் போட்டிருக்கும், அதே எண் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். அடுத்து மேலும் கீழும் போகும் இரண்டு தடித்த ஹோஸ்கள். கிளிப் மாட்டியிருக்கும் முனைகளில் பச்சையாகவோ ரோஸாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால், ஒழுகுவது அங்கேதான். ஹோஸை அமுக்கிப் பார்க்கும்போது நொறநொறவென்று சத்தம் வந்தாலோ, ஒரு இடத்தில் மட்டும் உப்பியிருந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. சில கிளிப்கள் சூட்டில் இறுகி நன்றாகவே நிற்கும், ஆறியதும்தான் கசியும். ராத்திரி மட்டும் ஒழுகுகிற வண்டிகளில் முதல் சந்தேகம் இதன் மேல் வையுங்கள்.

ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்கும் சேரும் விளிம்பு அடுத்த இடம். பழைய அம்பாசிடர் காலத்துப் பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைத்து விடுவார்கள், இதில் அது நடக்காது. எம்-சீல் அடைத்துத் தருகிறேன் என்பார்கள். சூட்டில் விரிந்தும் ஆறினால் சுருங்கியும் போகிற இடத்தில் அது எத்தனை நாளைக்கு நிற்கும்? ரேடியேட்டரையே மாற்றுவதுதான் நிம்மதி.

வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் போனால் தெரியட்டும் என்றே கம்பெனி வைத்த ஓட்டை அது. அதிலிருந்து கீழ்நோக்கிக் கறை வழிந்திருந்தால் பம்ப்பை மாற்ற வேண்டியதுதான், அந்த ஓட்டையை அடைக்கவே கூடாது. டைமிங் பெல்ட் மூலம் பம்ப் சுற்றும் வண்டி என்றால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டாம்.

நம்ம ஊரில் யாரும் கவனிக்காத இடம் ஹீட்டர் கோர், அதாவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். வேலூரில் ஹீட்டர் போடுகிற ஆள் யார்? ஆனால் பல வண்டிகளில் நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் கூலண்ட் அதன் வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே இனிப்பு வாடை, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், இடது சீட்டுக்காரரின் காலடிக் கார்ப்பெட்டில் ஈரம், இவை இருந்தால் வெளியே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எதுவும் கண்ணில் படவில்லையா, பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை கையால் அடித்துவிட்டு 15 நிமிடம் விட வேண்டும். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது, டார்ச்சோடு தேடினால் சொட்டுவது கண்ணுக்கே தெரியும். அந்த அளவைத் தாண்டி அடிக்க விடாதீர்கள், பழைய பிளாஸ்டிக் டேங்க் வெடித்துவிடும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை, ஸ்டார்ட் பண்ணினால் டேங்கில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவே இல்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த நிறம் என்றால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் சீல்) மேல்தான் சந்தேகம். அதோடு வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போவது மலிவு.

கடைக்குப் போகும் வரை சமாளிக்க வேண்டும், சரி. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஊர்ந்து போகும் வண்டிக்கு ஃபேன் காற்றைத் தவிர வேறு காற்று கிடையாது, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கேட்கவே வேண்டாம். கசிவோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். டாஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, ஜன்னலை இறக்கி ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. கூலண்ட் ரொம்பக் குறைந்துவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் நார்மலாகவே காட்டும், அதை நம்பவே நம்பாதீர்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வளைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள், கடைகளில் ஸ்டாப் லீக் பாட்டிலும் கிடைக்கும். ஓட்டையை அடைக்கிற பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும், ஆகவே நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் மட்டும்.

"இது என்ன ஊட்டியா, கூலண்ட் எதுக்கு, தண்ணியே போதும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூலண்டின் வேலை உறையாமல் தடுப்பது மட்டும் இல்லை, துருவைத் தடுப்பதும் கொதிநிலையை ஏற்றுவதும் அதுதான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், நல்ல மூடியும் இருந்தால், 125 டிகிரி பக்கம் வரை தாங்கும். நம்ம போர் தண்ணீரோ வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற உப்புத் தண்ணீர், ரேடியேட்டருக்குள்ளும் அப்படியே படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கூலண்ட் என்பதை வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிறத்தைப் பார்த்துக் கலந்தால் வகை ஒத்துப்போகாமல் உள்ளே கூழாகிவிட வாய்ப்புண்டு. ரெடி மிக்ஸ் என்று போட்டிருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

வேலை முடிந்து நிரப்பும்போது முன்பக்கம் மேடாக நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை என்ஜினை ஓடவிட்டு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ஆறிய பிறகு மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை நிரப்பிவிட்டு ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள். வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பாட்டிலில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதை மண் போட்டு உறிஞ்சி வாரி எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கழுவி விடுங்கள், இனிப்பாக இருப்பதால் தெரு நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே செத்துப்போகும்.