குராசோ தீவில் சிக்கனமான கடற்கரை விடுமுறை: கரையிலிருந்தே பவளப்பாறை பார்க்கத் திட்டமிடுவது எப்படி?

மாஸ்க்கும் மூச்சுக்குழலும் மாட்டி நீரின் மேல் மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் என்றதும் படகு, வழிகாட்டி, ஆளுக்கு இவ்வளவு கட்டணம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் குராசோ தீவில் அந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. தீவின் தென்மேற்குக் கரை நெடுகப் பவளப்பாறை ஒரு குறுகிய விளிம்புபோலக் கரையை ஒட்டியே செல்வதால், மணலில் நின்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சில நிமிடங்கள் நீந்தினாலே அதைப் பார்த்துவிடலாம். கடலைப் பார்ப்பதற்குச் செலவில்லை, கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குத்தான் செலவு. ஆகவே எங்கே தங்குவது, எத்தனை நாள் கார் எடுப்பது என்ற இரண்டு முடிவுகளே இந்த விடுமுறையின் பட்ஜெட்டைத் தீர்மானிக்கின்றன.

முதலில் காலம். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம் என்பதால் அந்த மாதங்களில் பல தீவுகளுக்குப் பயணம் செய்யத் தயங்குவார்கள். குராசோ வழக்கமான சூறாவளிப் பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருப்பதால் அங்கு நேரடிப் பாதிப்பு அரிது. டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை ஐரோப்பிய, அமெரிக்கக் கூட்டத்தால் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை வருவதே சிக்கனம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்றாலும், கள்ளிச்செடிகள் நிறைந்த அந்த வறண்ட தீவில் பெரும்பாலும் சிறு தூறலாக வந்து நின்றுவிடும். கடல் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 26 முதல் 29 டிகிரி வரை இருப்பதால் நீச்சலுக்கான தடித்த ரப்பர் உடை தேவைப்படாது.

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் விசாவைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். குராசோ நெதர்லாந்து முடியரசின் ஒரு பகுதி. 2010 அக்டோபர் 10 முதல் அதற்குள்ளேயே தன்னாட்சி நாடாக இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் அது அடங்காது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கரீபியன் விசா என்று தனியாக ஒன்று தேவை. வேறு சில நாடுகளின் பலமுறை நுழைவு விசா ஏற்கெனவே வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு தங்களுக்குப் பொருந்துமா என்பதை நெதர்லாந்துத் தூதரகத்திடம் உறுதி செய்துகொள்வது நல்லது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேரடி விமானம் உண்டு, பயண நேரம் சுமார் பத்து மணி. மயாமி வழியாகச் சீட்டு மலிவாகக் கிடைத்தாலும், விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும் என்பதால் அதன் செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். தீவில் இறங்குவதற்கு முன் குடிநுழைவு அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. 2025 மார்ச் 31 முதல் பழைய ஆன்டிலியன் கில்டருக்குப் பதிலாகக் கரீபியன் கில்டர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. மதிப்பு மாறவில்லை: 1 அமெரிக்க டாலருக்கு 1.79 கில்டர். டாலரை எங்கும் வாங்கிக்கொள்வார்கள், மீதியைக் கில்டரில் தருவார்கள். அப்போது பழைய நோட்டு எதுவும் கைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கடைகளில் அது இப்போது செல்லாது.

இனி முக்கியமான இரண்டு முடிவுகள். தலைநகர் வில்லெம்ஸ்டாடில், நகரை இரண்டாகப் பிரிக்கும் நீரிணையின் மேற்குக் கரையிலுள்ள ஒட்ரோபண்டாவில் சிறிய விருந்தினர் இல்லங்கள் நிறைய உண்டு. நல்ல கடற்கரைகளோ தீவின் மேற்கு முனையில், வெஸ்ட்புண்ட் பக்கம், காரில் முக்கால் மணி நேரத்துக்குமேல் தள்ளி இருக்கின்றன. ஒட்ரோபண்டாவிலிருந்து வெஸ்ட்புண்டுக்குப் பேருந்து ஓடுகிறது, கட்டணமும் குறைவு. ஆனால் இடைவெளி அதிகம், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அதிகம். ஒரே கடற்கரையில் முழுநாளையும் கழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே அது ஒத்துவரும். என் யோசனை இது: ஏழு நாள் பயணமென்றால் முதல் இரண்டு நாள் நகரில் கார் இல்லாமல் தங்கி, 1888-இல் முதன்முதலில் அமைக்கப்பட்ட மிதவைப் பாலத்தையும் 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். பிறகு சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, மேற்குக் கரையிலுள்ள லகூன் என்ற ஊரிலோ வெஸ்ட்புண்டிலோ சமையலறையுள்ள வீடொன்றுக்கு மாறிவிட வேண்டும். நால்வர் சேர்ந்தால் காரும் வீடும் தலைக்குப் பெரிய பாரமாக இருக்காது. தனியாகப் போகிறவருக்குத்தான் இந்தத் தீவு சற்று விலை கூடியது.

வண்டி சாலையின் வலப்புறம் ஓடும். பல நாள் வெயிலுக்குப் பிறகு மழை பெய்தால் தூசியும் எண்ணெயும் கலந்து சாலை சோப்புத் தடவியதுபோல் வழுக்கும் என்பதால், அப்போது மெதுவாக ஓட்டுவது அவசியம். கடற்கரை வாகன நிறுத்தங்களில் காரை உடைத்துத் திருடுவது அங்கே தெரிந்த தொல்லை. பை, தொலைபேசி, கடவுச்சீட்டு எதையும் காரில் விட்டுச்செல்லக் கூடாது. எலக்ட்ரானிக் சாவியாக இருந்தால் நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். அந்த உறையை வீட்டிலேயே ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே வைத்து வாளித் தண்ணீரில் அமிழ்த்திச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

குழாய்த் தண்ணீர் கடல் நீரைச் சுத்திகரித்துத் தருவது. தாராளமாகக் குடிக்கலாம், பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண் செலவு. மதிய உணவுக்கு நகரில் பிளாசா பியூ என்ற பழைய சந்தைக் கூடத்தில் ஆட்டுக்கறிக் குழம்பும் மீனும் சோறும் நியாய விலைக்குக் கிடைக்கும். இரவில் ட்ருக்கி பான் எனப்படும் சாலையோர வண்டிக் கடைகள் இருக்கின்றன. பல பொருள்கள் இறக்குமதியாவதால் மளிகை விலை அதிகம். மசாலாப் பொடிகளைக் கையோடு கொண்டுபோவது உதவும்.

கடற்கரைகளில் நான் முதலில் சொல்வது பிளாயா லகூன். இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய சிறு விரிகுடா அது. மீன்பிடிப் படகுகள் கரையில் கிடக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. பாறைச் சுவரை ஒட்டியே மெதுவாக நீந்தினால் கிளிமீன்களும் வரிவரியான சிறுமீன் கூட்டங்களும் தென்படும், சில நேரம் கணவாய்கள் அணிவகுத்து நிற்பதையும் காணலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட ஏற்ற இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. வெஸ்ட்புண்டிலுள்ள பிளாயா பிஸ்காடோவில் மீனவர்கள் துறையில் நின்று மீன் சுத்தம் செய்வார்கள். அவர்கள் வீசும் குடலுக்காகப் பச்சை ஆமைகள் வந்து சுற்றும். காலையில் படகுகள் திரும்பும் நேரத்தில் போனால், முகத்தைத் தண்ணீரில் வைத்த சில நிமிடங்களிலேயே ஓர் ஆமை கீழே மணலைத் தடவிக்கொண்டு நகர்வதைப் பார்க்க முடியும். அவற்றைத் தொடுவதும் துரத்துவதும் கூடாது. ஆமை மூச்சு வாங்க மேலே வரும் வழியை மறிக்காமல் பக்கவாட்டில் மிதப்பதே முறை.

குரோட்டே நிப் கடற்கரை அழகில் முதலிடம் பெற்றாலும், ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்களால் நிரம்பிவிடும். வார நாளில் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். 1795-இல் டூலா தலைமையில் அடிமைகள் கிளர்ச்சி தொடங்கிய பண்ணை அதற்கு அருகில்தான் இருந்தது என்பதை அறிந்துகொண்டு போனால் அந்த இடம் வேறுவிதமாகத் தெரியும். காஸ் அபாவ், போர்ட்டோ மாரி இரண்டுக்கும் கட்டணம் உண்டு. இரட்டைத் திட்டாக அமைந்த பவளப்பாறைக்காகப் போர்ட்டோ மாரிக்கு ஒருமுறை கொடுக்கலாம். நகருக்குத் தென்கிழக்கே கரகாஸ் விரிகுடாவில் சுமார் 5 மீட்டர் ஆழத்தில் ஒரு சிறு இழுவைப் படகு மூழ்கிக் கிடக்கிறது; மேலிருந்தே தெளிவாகத் தெரியும். கிளைன் குராசோ என்ற குட்டித் தீவுக்கான படகுப் பயணம் தலைக்கு 100 டாலரைத் தாண்டும். பட்ஜெட் இறுக்கமென்றால் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம். வடகிழக்குக் கரையில் எங்கும் நீரில் இறங்க வேண்டாம். கிழக்கிலிருந்து இடைவிடாமல் வீசும் வணிகக் காற்று நேராக மோதும் பக்கம் அது.

நாள்தோறும் வாடகை கொடுப்பதைவிடச் சொந்த மாஸ்க்கும் மூச்சுக்குழலும் வாங்கிக்கொள்வது ஒரு வாரத்தில் லாபமாகிவிடும். கடையில் மாஸ்க்கைப் பட்டையில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பின்னும் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குரியது. மீசை இருந்தால் மேலுதட்டில் சற்றுக் கசியும். புதுக் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவிவிட்டால் ஆவி படிவது குறையும். கூழாங்கல்லும் உடைந்த பவளமும் கிடக்கும் கரைகளுக்கு அடி தடித்த நீர்க்காலணி தேவை. முதுகு வெந்துபோகாமலிருக்க முழுக்கை நீச்சல் சட்டையே சிறந்தது. அதனால் சன்ஸ்கிரீன் செலவும் குறையும், கடலில் கலப்பதும் குறையும்.

காலை நேரத்திலேயே இறங்குங்கள், துணையில்லாமல் இறங்காதீர்கள். முதலில் நீரோட்டத்துக்கு எதிராக நீந்திப் போனால், களைத்துத் திரும்பும்போது நீரே கரை சேர்க்கும். நீந்தத் தெரியாதவர் மிதவைச் சட்டை அணிந்து, கால் எட்டும் ஆழத்தில் மூச்சுக்குழலால் சுவாசிக்கப் பழகிய பிறகே முன்னேற வேண்டும். பவளத்தின் மீது நிற்கக் கூடாது, அது உயிருள்ளது. கடல் முள்ளெலிகள் இடுக்குகளில் இருப்பதால் உங்கள் காலுக்கும் நல்லதல்ல. கரையில் நிழல் தேடும்போது சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய் காய்க்கும் மஞ்சினீல் மரத்தின் அடியில் உட்கார வேண்டாம். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், காய் நச்சு, மழையில் அதன் கீழ் ஒதுங்குவதும் ஆபத்து.

கடைசி நாளில் காருக்குப் பெட்ரோல் நிரப்பவும் இரவு உணவுக்கும் கையிலிருக்கும் கில்டரையே முதலில் கொடுத்துத் தீருங்கள். ஊர் திரும்பிய பிறகு அதை மாற்றித் தரும் இடம் கிடைப்பது கடினம்.